மகனின் ஞானப்பல், மாமனாரின் ஆடும் பல்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல இருந்து எழுதறேனுங்க. பையனுக்கு 23 வயசு, திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை. இடது பக்கம் கீழ, கடைசிப் பல்லுகிட்ட எட்டு மாசத்துல மூணு தடவை வீங்கிப் போச்சு. ஒவ்வொரு தடவையும் மருந்துக் கடையில மாத்திரை வாங்கிப் போட்டு அமுத்திட்டோம். இப்ப ஓ.பி.ஜி.ன்னு தாடை முழுக்கத் தெரியற எக்ஸ்ரே படம் எடுத்த டாக்டர், பல்லு படுத்துக் கெடக்குது, ஆபரேஷன்தான்னு சொல்றாருங்க. பல்லைப் புடுங்குனா கண்ணு போயிரும், நரம்பு செத்துரும்னு மாமியார் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. மாமனாருக்கு 64 வயசு, பத்து வருசமா சக்கரை. ஒன்றரை வருசத்துக்கு முன்னால கோயமுத்தூர்ல ஸ்டென்ட் வெச்சாங்க. அவருக்கு வலது பக்கம் கீழ ரெண்டு கடவாய்ப்பல் ஆடுது. எடுத்துட்டு உடனே இம்ப்ளாண்ட், அதான் எலும்புல திருகி வெக்கற பல்லு, வெச்சுக்கலாம்னு இருக்காரு. ரத்தம் நிக்காதுன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதக் கேட்டு இருதய மாத்திரைய மூணு நாளா நிறுத்திட்டாருங்க. யாருக்கு மொதல்ல பண்றது? இன்னொண்ணு, மாமனாருக்கு அதே பக்கம் கன்னத்துக்குள்ள, பொகையில அடக்கற எடத்துல ஆறு மாசமா வெள்ளையா ஒரு திட்டு இருக்குது. வலி எதும் இல்லீங்க.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாமனார் இன்னும் மாத்திரையை ஆரம்பிக்கவில்லை என்றால், இந்தப் பதிலை இதோடு நிறுத்திவிட்டு ஸ்டென்ட் வைத்த மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். மூன்று நாளாக நிறுத்திவிட்டார் என்பதை மறைக்காமல் சொல்லி, இன்றைக்கே எப்படித் தொடர்வது என்று கேளுங்கள். நெஞ்சில் அழுத்தமோ, இடது கையில் வலியோ, காரணமில்லாத வியர்வையோ இருந்தால் போனோடு நிற்காமல் நேரே கூட்டிப் போய்விடுங்கள்.

பல் எடுப்பதற்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகளை நிறுத்தத் தேவையில்லை. பல் எடுத்த குழியில் ரத்தம் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், விரலால் அழுத்தி நிறுத்தலாம். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் அங்கே யார் விரலும் எட்டாது. மூன்று நாள் நிறுத்தியதில் பலனும் இல்லை. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் இந்த மாத்திரைகள் முடக்கிப் போட்டவை முடங்கியபடியேதான் இருக்கும். உடம்பு அவற்றைப் புதுசாக மாற்றி முடிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். மாத்திரையை எப்போது குறைக்கலாம் என்பது இதய மருத்துவர் மட்டுமே எடுக்க வேண்டிய முடிவு. பல் மருத்துவரே வாய்வார்த்தையாக நிறுத்தச் சொன்னாலும், இதய மருத்துவரிடமிருந்து ஒரு வரி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். (வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் அசிட்ரோம், வார்ஃபரின் வேறு வகை. அதையும் தானாக நிறுத்தக் கூடாது. பல் எடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்த்து, அந்த எண்ணை வைத்து முடிவு செய்வார்கள்.)

அடுத்து, வரிசை. மகனுக்கா, மாமனாருக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். மாமனாருக்குத்தான் முதலில். ஆனால் ஆடும் பல்லுக்காக இல்லை, கடிதத்தின் கடைசியில் நீங்கள் எழுதிய அந்த வெள்ளைத் திட்டுக்காக. அதைப் பார்த்து முடிக்கும்வரை, பக்கத்தில் ஆடும் இரண்டு பற்களையும் யாரும் பிடுங்க விடாதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். ஈறு நோயால் பல் ஆடினால் பொதுவாக வாய் முழுக்கப் பல பற்கள் ஆடும். சக்கரை உள்ளவருக்கு அது சகஜம். உங்கள் மாமனாருக்கோ ஒரே பக்கம், அடுத்தடுத்து இரண்டு பற்கள் மட்டும், அதுவும் புகையிலை அடக்கும் இடத்தை ஒட்டி ஆடுகின்றன. நம் நாட்டில் வாய்ப் புற்று அதிகம் வரும் இடமே கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவிலுள்ள அந்தப் பள்ளம்தான். அங்கே வளர்வது எதுவானாலும் எலும்புக்குள் இறங்கினால் மேலே நிற்கும் பல் ஆடத் தொடங்கும். அது தெரியாமல் பல்லை எடுத்துவிட்டால் குழி ஆறாது. நோய் எலும்புக்குள் இறங்க நாமே வழி திறந்துவிட்டது போலாகும். ஆறாத குழிக்கு மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் கொடுத்து இரண்டு மூன்று மாதம் போய்விடும். அந்த மாதங்கள்தான் விலைமதிப்பில்லாதவை. சிறியதாகக் கண்டுபிடித்தால் கட்டியை மட்டும் எடுத்துத் தையல் போட்டு முடித்துவிடலாம். எலும்பிலும் கழுத்து நெறிக்கட்டியிலும் இறங்கிவிட்டால் தாடையில் ஒரு பகுதி, கழுத்து அறுவை, அதன்பின் கதிர்வீச்சு என்று நீளும்.

அவருக்குப் புற்று இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஈரத் துணியால் துடைத்தால் அந்தத் திட்டு வழித்துக்கொண்டு வருகிறதா? அப்படியானால் சக்கரைக்காரர்களுக்கு வரும் பூஞ்சையாக இருக்கலாம். வழித்து வராவிட்டால் புகையிலையால் தோல் தடித்த திட்டாக இருக்கலாம், புகையிலையை விட்டதும் சில வாரங்களில் மறைவதும் உண்டு. ஆனால் ஆறு மாதம் ஆகிவிட்டது, பக்கத்தில் பல்லும் ஆடுகிறது. இதைக் கண்ணால் பார்த்து மட்டும் ஒன்றுமில்லை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சதைப் பரிசோதனை ஒன்றுதான் சொல்லும்.

வலி இல்லை என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். ஆரம்ப நிலைப் புற்று வலிப்பதில்லை, அதனால்தான் தவறவிடுகிறார்கள். வெள்ளைத் திட்டின் நடுவே சிவப்பு கலந்திருக்கிறதா, தொட்டால் ஓரம் கட்டியாக இருக்கிறதா, அந்தப் பக்கம் கீழ் உதடு மரத்துப்போகிறதா, தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா, அவருடைய மூன்று விரலை நெட்டுக்குத்தாக வாய்க்குள் விட முடியாமல் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்த வாரமே போங்கள். எதுவுமே இல்லை என்றாலும் போகத்தான் வேண்டும், அடுத்த வாரத்தைத் தாண்ட வேண்டாம். விரல் நுழையாமல் வாய் இறுகுவதும், காரம் பட்டால் எரிவதும் பாக்கு போடுகிறவர்களுக்கு வரும் தனி நோய். அதுவும் புற்றுக்கு முன்நிலையாக எண்ணிக் கவனிக்க வேண்டியது.

சதைப் பரிசோதனை என்றதும் வீட்டில் கத்தி பட்டால் பரவும் என்பார்கள். பரவாது. அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, திட்டின் ஓரத்தில் நல்ல சதையும் கொஞ்சம் சேர்ந்து வரும்படி சில மில்லிமீட்டர் அளவுக்கு எடுப்பார்கள். நடுவிலிருந்து மட்டும் எடுத்தால் சில சமயம் அழுகிய சதைதான் வரும், முடிவு தெளிவாக இருக்காது. ஒன்றிரண்டு தையல், கால் மணி நேர வேலை. இருதய மாத்திரையை இதற்கும் நிறுத்த வேண்டாம். எடுத்த சதை உடனே, அதைக் கெடாமல் வைக்கும் பார்மலின் திரவப் புட்டிக்குள் போக வேண்டும். புட்டியில் பெயர், வயது, எடுத்த இடம், எந்தப் பக்கம் என்பவை எழுதியிருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள். அறிக்கை வர ஒரு வாரம் வரை ஆகலாம். அதில் டிஸ்பிளேசியா என்று இருந்தால் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன என்று பொருள். அது எந்த அளவு என்பதைப் பொறுத்துத் திட்டை முழுவதுமாக எடுப்பதா, சில மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதா என்று முடிவாகும். ஒன்றுமில்லை என்று வந்தும் திட்டு மறையாமல் நின்றால் மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள்.

எங்கே போவது? வாய் முகத் தாடை அறுவை நிபுணர், அதாவது ஐந்து வருடப் பல் மருத்துவப் படிப்புக்கு மேல் மூன்று வருடம் இந்தத் துறையை மட்டும் படித்தவர் இருக்கும் இடமாகப் பாருங்கள். குமாரபாளையம், திருச்செங்கோடு, கோவையில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிகளில் இந்தத் துறையும், சதையைப் பார்த்துச் சொல்லும் வாய் நோய்க்குறியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கம் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஒருவேளை பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்று அறுவைக்கு இடமுண்டு. அட்டை இருக்கிறதா என்று இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

சோதனை நல்லபடியாக வந்தால் பல் எடுப்பதைப் பற்றிப் பேசலாம். காலை நேரமாக வாங்குங்கள். பட்டினியாகப் போகக் கூடாது. வழக்கம்போலச் சாப்பிட்டு, சக்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு போக வேண்டும். மரக்கும் ஊசிக்குப் பயந்து வெறும் வயிற்றில் போய், நாற்காலியில் சக்கரை இறங்கி மயங்குகிறவர்கள்தான் அதிகம். மூன்று மாத சக்கரை அளவான ஹெச்.பி.ஏ.1.சி. அறிக்கையைக் கொண்டுபோங்கள். அன்றைய சக்கரை 200-க்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேலிருந்தால் அவசரமில்லாத வேலையைத் தள்ளிப் போடுவது நல்லது. சீழ் கோத்து வீங்கியிருந்தால் மட்டும் சக்கரை குறையட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்தச் சீழே சக்கரையை ஏற்றிவிடும்.

மரக்கும் மருந்தில் ரத்தக் கசிவைக் குறைக்க அட்ரினலின் கலந்திருக்கும். இதய நோய் உள்ளவருக்கு அதன் மொத்த அளவை 0.04 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். 1:80,000 கலவையில் அது சுமார் 3 மி.லி. அதனால் ஸ்டென்ட் விவரத்தை ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பல் எடுத்ததும் குழிக்குள் ரத்தம் உறைய உதவும் செல்லுலோஸ் பஞ்சு வைத்துத் தையல் போட்டு, ரத்தக் கசிவை நிறுத்தும் ட்ரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கடிக்கக் கொடுப்பார்கள். அரை மணி நேரம் உட்காரவைத்து, ரத்தம் நின்றதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் இவருக்கு வேண்டாம். ரத்தக் கசிவையும் கூட்டும், இதயத்துக்கும் நல்லதில்லை. மருந்துக் கடையில் பல்வலி என்றால் பெரும்பாலும் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள், கவனமாக இருங்கள்.

சோதனையில் புற்று என்று வந்துவிட்டால் பற்களை என்ன செய்வது என்பதையும் அந்தச் சிகிச்சைக் குழுவே திட்டமிடும். கதிர்வீச்சு கொடுப்பதாக இருந்தால், காப்பாற்ற முடியாத பற்களை எல்லாம் அதற்கு இரண்டு வாரமாவது முன்னால் எடுத்துக் குழி ஆறவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு தாடைக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அப்போது பல்லை எடுத்தால் எலும்பே செத்து வெளியே தெரியக்கூடும். எத்தனை வருடம் கழிந்தாலும் அந்த ஆபத்து போவதில்லை.

இம்ப்ளாண்ட் பற்றி ஒன்றே ஒன்று. புகையிலையை விட்டு, சக்கரையும் கட்டுக்குள் வந்தபிறகு பேசலாம். டைட்டானியம் திருகு எலும்போடு ஒட்டிப் பிடிக்கச் சுமார் மூன்று மாதம் ஆகும். ஓயாத புகையிலைச் சாறும் ஏறிய சக்கரையும் அதைத்தான் கெடுக்கும். அதுவரை கழற்றி மாட்டும் பல் செட் போதும்.

இனி மாமியார் சொல்வதைப் பார்ப்போம். மேல் பல்லோ கீழ்ப் பல்லோ, எடுத்தால் பார்வை போகாது. பல்லுக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. இரண்டும் மூளையிலிருந்து தனித்தனியாக வருகின்றன. பல் ஆடத் தொடங்கும் நாற்பது ஐம்பது வயதில்தான் வெள்ளெழுத்தும் கண்புரையும் வருகின்றன. ஒன்றையடுத்து மற்றொன்று வந்ததால் ஒன்றால்தான் மற்றது வந்தது என்று நம்பிவிட்டார்கள். உண்மையில் கண்ணுக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். மேல் பல்லில் சீழை வைத்துக்கொண்டே இருந்தால், அரிதாக அது கண்குழி வரை ஏறக்கூடும். இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பேரன் மேலுள்ள அக்கறையில்தானே தடுக்கிறார்.

நரம்பைப் பற்றி அவர் சொன்னதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. அதில் போகும் நரம்புதான் கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தருகிறது. ஞானப்பல்லின் வேர் சிலருக்கு இந்தக் குழாயை ஒட்டியே இருக்கும். நாக்குக்கு உணர்வு தரும் நரம்பும் உள்பக்கம் அருகில்தான் போகிறது. அறுவைக்குப் பின் நூற்றில் சிலருக்கு உதடோ நாக்கோ சில வாரங்கள், சில மாதங்கள் மரத்திருந்து பின் சரியாகும். நிரந்தரமாக மரப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வாய் கோணுவது இதனால் வராது, போவது உணர்வுதான், அசைவு அல்ல. மகனின் ஓ.பி.ஜி. படத்தை மருத்துவர் முன் வைத்து மூன்று விஷயம் கேளுங்கள். வேரும் குழாயும் சேரும் இடத்தில் வேர் கறுத்துத் தெரிகிறதா? குழாயின் வெள்ளைக் கோடு அங்கே அறுந்திருக்கிறதா? குழாய் வளைந்து போகிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் சி.பி.சி.டி. என்னும் முப்பரிமாணப் படம் எடுத்துப் பார்ப்பது சரி. மூன்றுக்கும் இல்லை என்றால் அந்தச் செலவு தேவைப்படாது. வேர் நரம்பைச் சுற்றிப் பிணைந்திருப்பதாகத் தெரிந்தால், மேல் தலையை மட்டும் வெட்டி எடுத்து வேரை அப்படியே விட்டுவிடும் முறையும் இருக்கிறது.

அறுவை உண்மையிலேயே தேவையா என்ற கேள்வி நியாயமானது. தொந்தரவே தராத ஞானப்பல்லைச் சும்மா எடுக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே அப்படித்தான் வழிகாட்டியது. முதல் தடவை வீங்கினால், அது கடுமையாக இல்லாதபட்சத்தில், சுத்தம் செய்து பார்க்கலாம் என்றும், இரண்டாம் தடவை வந்தால் எடுப்பதை யோசிக்கலாம் என்றும் அது சொல்கிறது. மகனுக்கு எட்டு மாதத்தில் மூன்று தடவை ஆகிவிட்டது, எடுப்பதே சரி. பாதி முளைத்த பல்லின்மேல் மூடியிருக்கும் ஈறு மடிப்புக்குள் சோறும் கிருமியும் தங்குகின்றன, பிரஷ் அங்கே போகாது. வீங்கிய மடிப்பை மேல் பல் கடித்து இன்னும் புண்ணாக்குகிறது. மாத்திரை கிருமியை அடக்கும், மடிப்பை நீக்காது. அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. படுத்த பல் முன்னாலிருக்கும் நல்ல கடவாய்ப்பல்லின் பின்கழுத்தில் முட்டி, அங்கே சொத்தையும் விழ வைக்கும். படத்தில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். வயதும் இப்போது சாதகம். 23-ல் எலும்பு இளக்கமாக இருக்கும். 35-க்கு மேல் இறுகிவிடும், ஆறவும் நாளாகும்.

வீக்கம் முற்றி இருக்கும்போது எடுக்காமல், முதலில் மடிப்பின் அடியில் உப்பு நீரைப் பீய்ச்சிக் கழுவி, தேவையென்றால் ஒரு சுற்று மருந்து கொடுத்து, வாய் நன்றாகத் திறந்தபின் செய்வார்கள். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் அந்த நாட்களில் மது தொடக் கூடாது. அறுவை அன்று உதடு மரத்ததும் ஈறைக் கீறி விலக்கி, பல்லை மறைக்கும் எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லை இரண்டு மூன்று துண்டாக்கித் துண்டு துண்டாக வெளியே எடுப்பார்கள். முழுசாக இழுப்பதைவிட அதுதான் எலும்புக்கும் நரம்புக்கும் பாதுகாப்பு. குடையும்போது ஓயாமல் உப்பு நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எலும்பு 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலே சாகத் தொடங்கும், பின்னால் சரியாக ஆறாது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். அழுத்தமும் சத்தமும் தெரியும், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்கச் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். கறுப்புப் பட்டு நூல் தையல் என்றால் ஏழாம் நாள் பிரிப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபின் நடக்கும் தவறுகள்தான் அதிகத் தொந்தரவு தருகின்றன. கடித்த துணியை முக்கால் மணி நேரம் எடுத்தெடுத்துப் பார்க்காமல் வைத்திருக்க வேண்டும். அன்று முழுவதும் துப்பக் கூடாது, வாய் கொப்பளிக்கக் கூடாது, எச்சிலை விழுங்கிவிடலாம். இரவில் எச்சில் இளஞ்சிவப்பாக வருவது சாதாரணம். இளநீர் குடிக்கலாம், ஸ்ட்ரா மட்டும் கூடாது. உறிஞ்சும் இழுப்பில் குழிக்குள் உறைந்த ரத்தம் பிய்ந்து வந்துவிடும். முதல் நாள் வெளிப்பக்கம் துணியில் சுற்றிய ஐஸ், பத்து நிமிடம் வைத்துப் பத்து நிமிடம் எடுத்து. வீங்குகிறதே என்று தவிட்டு ஒத்தடமோ வெந்நீர் ஒத்தடமோ கன்னத்தில் வைக்க வேண்டாம், அந்த நேரத்தில் சூடு வீக்கத்தைக் கூட்டும். வலிக்கு மூக்குப்பொடியையோ புகையிலைத் தூளையோ குழியில் அடைக்கிற பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது, அது அறவே கூடாது. மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்டபின் ஒவ்வொரு தடவையும் மெதுவாக வாயில் வைத்துச் சாய்த்து ஊற்றிவிடலாம்.

சாப்பாடு முதல் நாள் ஆறின கஞ்சி, மோர், தயிர். இரண்டாம் நாள் பாலில் ஊறிய சந்தகை, குழையக் கரைத்த களி. அரிசியும்பருப்புச் சாதத்தைக் குழைய வைத்து மிளகாய் குறைத்து மூன்றாம் நாள் கொடுக்கலாம். நிலக்கடலை, முறுக்கு, குருணை நிற்கும் கம்மங்கூழ் எல்லாம் இரண்டு வாரம் கழித்து. துணுக்கு குழிக்குள் போனால் எடுப்பது பாடு.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு வாரம் வாய் முழுசாகத் திறக்காது. வேலைக்கு நான்கு நாள் லீவு சொல்லிவிடுங்கள். பண்டல் தூக்குகிற வேலை என்றால் ஒரு வாரம். குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாம் நாளுக்கு மேல் திடீரென ஏறி, காதுவரை பாய்ந்து, வாயில் நாற்றம் எடுத்தால் குழியில் ரத்தம் உறையாமல் எலும்பு வெறுமையாக நிற்கிறது என்று அர்த்தம். அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. குழியைக் கழுவிக் கிராம்பு எண்ணெய் கலந்த மருந்துத் திரி வைத்தால் அன்றைக்கே தணியும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது கூடுதலாக வரும். பிடிக்கிறாரா இல்லையா என்பதை நீங்கள் எழுதவில்லை. அதை மருத்துவரிடம் அவரே தனியாகச் சொல்லட்டும், எப்படியும் ஒரு வாரமாவது தொடக் கூடாது.

அறுவைக்கு முன்னாலோ பின்னாலோ வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கி, காய்ச்சலோடு எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டு, நாக்கு மேலே தூக்கி, குரல் மாறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சீழ் நாக்கின் அடியில் பரவி மூச்சுக்குழாயை அடைக்கப் போகிறது. பக்கத்துப் பல் கிளினிக்குக்கும் போக வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, மயக்க மருந்து நிபுணரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கும் பெருந்துறைக்கோ கோவைக்கோ அந்த ராத்திரியே கிளம்பிவிடுங்கள். போகும் வழியில் படுக்க வைக்காமல் உட்கார வைத்தே கூட்டிப் போங்கள்.